ராத்தாவின் வீடும் நான் படித்த வரலாறும்

பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பது, பிறக்கும் பிள்ளை உம்மாவின் குடியைச் சேர்வது: உலகம் முழுக்க இப்படித்தான் என்ற நினைப்போடுதான் காத்தான்குடியிலிருந்து 2003இல் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். விடுதியில் கண்டிப் பக்கத்து நண்பர் ஒருவர், "கலியாணம் முடிச்சா நீங்க பொஞ்சாதி ஊட்டுலயா இருப்பீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். அன்றுதான் வாவிக்கரையை முதன்முதலாகத் தூரத்தில் நின்று பார்த்தேன்.

முதலில் வந்தது வெட்கம். ஒரு பக்கம், இது மார்க்கத்தில் இல்லாத வழக்கம் என்றார்கள். இன்னொரு பக்கம், அபிவிருத்தி பற்றிய நூல்கள் இதைச் சீதனக் கொடுமை என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கின. இரண்டையும் நம்பினேன். விடுமுறையில் வந்து வாப்பாவிடம் சண்டையும் பிடித்தேன். மூத்த ராத்தாவின் வீட்டுக்காக வட்டையில் ஒரு துண்டை ஏற்கனவே விற்றிருந்தார். இளையவளுக்கு அடுத்த துண்டு. "படிச்சது போதும் மகன், போய்க் கல்லு இறக்கு" என்றார்.

இரண்டாம் வருடம் ஒப்பீட்டு வரலாறு படித்தபோதுதான் கண் திறந்தது. மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் மக்கள் முஸ்லிம்கள். அவர்களின் பூர்வீக வீடும் நிலமும் தாய்வழியில்தான் இறங்குகின்றன. 1803 அளவில் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய சீர்திருத்தவாதிகள் தொடங்கி வைத்த பாத்ரி இயக்கம் பெரும் போராக மாறியது; ஒல்லாந்தரும் உள்ளே நுழைந்தார்கள்; 1837 வரை இரத்தம் ஓடியது. பிறகு அவர்கள் கண்ட இணக்கம் என்னை வியக்க வைத்தது. பூர்வீகச் சொத்து தாய்வழியில் போகும், ஒருவர் தேடிய சொத்து ஷரீஅத்தின்படி பங்கிடப்படும். இந்தப் பக்கம் மலபாரில், கண்ணூர் அறக்கல் அரச குடும்பம் முஸ்லிம் குடும்பம், வாரிசு தாய்வழி, பீவிமார் ஆட்சியே செய்திருக்கிறார்கள். நாங்கள் தனிமரம் இல்லை.

பிறகு ஊரைப் படிக்கத் தொடங்கினேன். மட்டக்களப்புத் தமிழரின் தாய்வழிச் சொத்துரிமையைப் பிறிற்றோ என்பவர் 'முக்குவர் சட்டம்' என்று 1876இலேயே நூலாக்கியிருக்கிறார். 1970களில் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே குடிமுறையைப் பகிர்வதை விரிவாக எழுதினார். அவர்களுக்குக் கோயிலில் குடிவாரியாக வண்ணக்கர் என்றால், எங்களுக்குப் பள்ளிவாசலில் மரைக்காயர். ஊரைப் பற்றித் தெரிந்துகொள்ள அமெரிக்காக்காரர் எழுதியதைப் படிக்க வேண்டியிருந்ததே என்ற கூச்சம் இன்னும் இருக்கிறது.

சட்டமும் புரிந்தது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உறுதி எழுதாமல் மௌத்தானவரின் சொத்து ஷரீஅத் முறையில் பிரியும். எங்கள் வாப்பாமார் அதற்கு முன்பே, உயிரோடிருக்கும்போதே, நன்கொடை உறுதி எழுதி வீட்டை மகளுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நன்கொடை மார்க்கத்தில் ஆகுமானது. ஆண்மக்களுக்கு மிஞ்சுவது என்ன என்பது வேறு கேள்வி. கைக்கூலியையும் வீட்டையும் ஒரே தராசில் வைத்தது என் தவறு. கைக்கூலி மாப்பிள்ளையின் கைக்குப் போகிறது. வீடு பெண்ணின் பேரில் நிற்கிறது. மனஸ்தாபம் வந்தால் வெளியேறுவது அவர்தான், அவள் இல்லை. இதற்காக வாப்பா பட்ட கடனை நான் நியாயப்படுத்தவில்லை. அந்தச் சுமை இன்றும் பல வாப்பாமாரின், வளைகுடாவில் உழைக்கும் காக்காமாரின் முதுகில்தான் இருக்கிறது.

இந்தப் படிப்பு ஏட்டோடு நின்றிருக்கும். 2004 டிசம்பர் 26 வந்தது. கடற்கரைப் பக்கம் இருந்த ராத்தாவின் வீடு அத்திவாரத்தோடு போனது. அல்ஹம்துலில்லாஹ், உயிர்கள் தப்பின. சில மாதங்களில் புதுவீட்டுக்கான விண்ணப்பப் படிவம் வந்தது. 'குடும்பத் தலைவர்' என்ற கட்டத்தில், வந்தவர் கேட்காமலே மச்சானின் பெயரை எழுதினார். ராத்தா, "ஊடு என்ட பேருலதானே இருந்த?" என்றாள். வந்தவருக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. எங்கள் ஊரில் மட்டுமல்ல, சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையில் பல வீடுகள் இப்படித்தான் ஆண்களின் பேருக்குப் போயின. பல தலைமுறைகள் காத்து வந்ததை ஒரு கட்டம் புரட்டிப் போட்டது. ஒரு வருடம் முந்தி என்றால், இதுதான் முறை என்று நானே கையெழுத்து வாங்கிக் கொடுத்திருப்பேன். இப்போது உட்கார்ந்து, பழைய உறுதியின் இலக்கத்தோடு மூன்று பக்கக் கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. வீடு மச்சானின் பேரில்தான் வந்தது.

மச்சான் நல்ல மனுஷன். மூத்த மகளின் கலியாணம் பேசியபோது, யாரும் கேட்காமலே நொத்தாரிசிடம் போய் அவள் பேருக்கு எழுதிவிட்டார். மச்சான் நல்லவர் என்பதால் அது நடந்தது. முன்பு அதற்கு யாரும் நல்லவராக இருக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கலியாண வீட்டில், மினாங்கபாவ் கதையை உம்மாவுக்குச் சொன்னேன். வெற்றிலையை மடித்தபடி முழுவதையும் கேட்டுவிட்டு, உம்மா ஒன்றுதான் கேட்டாள்: "அங்கயும் மருமகன் முதல்நாள் வந்தா என்ன கறி ஆக்குற மகன்?"