டெல்லிப் பனியும் சிவகாசிப் புத்தாண்டும்

கரிசல் காட்டில் மார்கழிப் பனி வெயில் ஏறியதும் உலர்ந்துவிடும். வெடிமருந்து காய வெயில் வேண்டும். வானம் பார்த்த அந்தப் பூமியில் அதற்குக் குறைவில்லை. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்தார்கள். அது சிவகாசியில் வேரூன்றவும், பின்னர் பட்டாசு தழைக்கவும் இவ்வறட்சியே துணைநின்றது. ஆயினும் 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தைக் குலைத்தது ஒரு பனிதான். அது டெல்லியில் படிந்த பனி.

வடநாட்டுக் குளிர்காலத்தில் புகை மேலெழாமல் பனிமூட்டத்தோடு கலந்து நிலத்தருகே தங்கிவிடுகிறது. வாகனப் புகை, வயல்களில் வைக்கோல் தாள் எரிக்கும் புகை, கட்டுமானத் தூசி ஆகியவற்றோடு தீபாவளிப் புகையும் சேர்கிறது. 2015இல் டெல்லியின் மூன்று கைக்குழந்தைகள் பெயரில், அவர்தம் தந்தையர் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். அவ்வழக்கில் 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு, பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்தது. வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டுமே அனுமதித்தது.

பேரியம் நைட்ரேட் இல்லாமல் கம்பி மத்தாப்பும் பச்சை ஒளியும் செய்யும் வழக்கம் அதுவரை இங்கு இருந்ததில்லை. மாற்றுச் சூத்திரமோ அப்போது ஆலைகளின் கைக்கு வந்திருக்கவில்லை. அவ்வாண்டுத் தீபாவளி முடிந்ததும், தமிழ்நாடு பட்டாசு மற்றும் கேப்வெடி உற்பத்தியாளர்கள் சங்கமான டான்பாமா, ஆலைகளைத் திறப்பதில்லை என அறிவித்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆலைகள் மூடிக் கிடந்தன. அடுத்த தீபாவளிக்கான உற்பத்தி தொடங்கவேண்டிய தையில், தொழிலாளர் வீடுகளில் கூலி இல்லை. பல மாத முடக்கத்துக்குப் பிறகே ஆலைகள் படிப்படியாகத் திறந்தன. 2019 மார்ச்சில் நீதிபதிகளே, வாகனங்கள் இதனினும் அதிகமாக மாசுபடுத்தவில்லையா என்று வினவினர். அக்டோபரில் ‘நீரி’ ஆய்வகம் உருவாக்கிய பசுமைப் பட்டாசுகள் அறிமுகமாயின. எனினும் பேரியத் தடை நீடித்தது. 2021 அக்டோபரில் நீதிமன்றம் அதை மீண்டும் வலியுறுத்தியது.

இவ்வரலாற்றைத் தொழிலுக்கும் சூழலுக்குமான வழக்காக மட்டும் எழுதி முடித்தால், அச்சங்குளம் விடுபட்டுப்போகும். சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில், 2021 பிப்ரவரி 12 அன்று ஒரு பட்டாசு ஆலை வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உரிமம் பெற்ற ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது விசாரணையில் வெளிவந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கெடுத்துக் குழு அமைத்தது. மத்திய, மாநில அரசுகள் நிவாரணம் அறிவித்தன.

2019இன் தையில் வேலை இல்லையே என்று கலங்கிய அதே கரிசல் சனம், 2021இன் தையில் வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. டெல்லிக் குழந்தைகளின் மூச்சுக்காக நீதிமன்றக் கதவு தட்டப்பட்டது, அது நியாயமே. அச்சங்குளத்துக் குழந்தைகளின் தாய் தந்தையருக்காக, விபத்துக்கு முன்னமே யாரேனும் தட்டியிருக்க வேண்டாமா?