பாட்டி பிறந்த தீவு: குராசோ கால்பந்து அணி குறித்து

2025 நவம்பர் 18 அன்று கிங்ஸ்டனில் ஜமைக்காவோடு 0–0 என்று சமன் செய்த குராசோ, 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. 444 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஒன்றரை லட்சத்துச் சொச்சம் சனம். அதுவரை தகுதி பெற்ற நாடுகளில் மக்கள்தொகையில் இதுவே மிகச் சிறியது. உடனே இரண்டு பேச்சுகள் கிளம்பின. ஒன்று, எறும்பு யானையைச் சாய்த்த கதை. மற்றது, ‘அட சும்மா இருங்க, அவங்க எல்லாரும் டச்சுக்காரங்க’ என்பது. வில்லெம்ஸ்டாட்டில் பிறந்த தாஹித் சோங்கைத் தவிர ஏறக்குறைய எல்லா ஆட்டக்காரர்களும் நெதர்லாந்தில் பிறந்து அங்கேயே ஆடக் கற்றவர்கள்; அப்போதைய பயிற்சியாளர் டிக் அட்வோகாட்டும் டச்சுக்காரர். ஆகவே இரண்டாவது பேச்சு விவரமறிந்த பேச்சாகத் தொனிக்கிறது. என்னைத் தொந்தரவு செய்வதும் இதுதான். ஏறக்குறைய நானூறு வருஷக் காலனிய வரலாற்றைப் பிறப்புச் சான்றிதழாகச் சுருக்கிவிடுகிற சாமர்த்தியம் இதில் இருக்கிறது.

1634இல் டச்சு மேற்கிந்தியக் கம்பெனி இத்தீவை ஸ்பானியரிடமிருந்து பறித்தது. வறண்ட மண், பெரிய கரும்புத் தோட்டங்களுக்குத் தோதில்லை. ஆனால் துறைமுகம் நல்ல துறைமுகம். எனவே ஆட்களை வைத்து வியாபாரம் நடந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்டவர்கள் இங்கே இறக்கப்பட்டு ஸ்பானியக் காலனிகளுக்கு விற்கப்பட்டார்கள். 1795 ஆகஸ்ட் 17இல் தூலா என்கிற அடிமை, ஹெய்ட்டியில் வந்த விடுதலை எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டுக் கலகம் செய்தார். அக்டோபர் 3இல் அவரைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அடிமை முறை ஒழிய 1863 ஆயிற்று.

அப்புறம் எண்ணெய். வெனிசுவேலாவின் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்க ஷெல் கம்பெனி 1918இல் இங்கே ஆலையை ஓட்டத் தொடங்கியது. சுற்றுத் தீவுகளிலிருந்தும் சுரிநாமிலிருந்தும் மதேய்ராவிலிருந்தும் கூட ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். பிறகு இயந்திரங்கள் வந்தன, ஆட்குறைப்பு வந்தது, வேலைகள் ஒப்பந்தக்காரர் கைக்குப் போயின. அதே ஆலை, அதே வேலை, கூலி மட்டும் குறைவு. 1969 மே 30 அன்று வேலைநிறுத்தக்காரர்கள் நகரத்தை நோக்கி நடந்தார்கள். துறைமுகத் தொழிலாளர் தலைவர் பாப்பா கோடெட்டைப் போலீஸ் சுட்டுக் காயப்படுத்தியது, வில்லெம்ஸ்டாட்டின் கடைவீதிகள் எரிந்தன, இருவர் செத்தார்கள், நெதர்லாந்திலிருந்து விமானத்தில் படை வந்திறங்கிற்று. உள்ளூர் அரசாங்கம் பதவி விலகியது. பள்ளிக்கூடத்தில் பேசவிடாத பப்பியமெந்து மொழிக்கு ஒரு மவுசு வந்தது இந்தக் கலகத்திற்குப் பிறகுதான். 2007இல் அது ஆட்சிமொழிகளில் ஒன்றாயிற்று. அந்த 1969இலேயே, நெதர்லாந்து அண்டிலீஸ் என்கிற பெயரில் ஆடிய இவர்களது அணி வட, மத்திய அமெரிக்க, கரீபியப் போட்டியில் மூன்றாமிடம் வந்தது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

1985இல் ஷெல் ஆலையை ஒரு கில்டருக்கு விற்றுவிட்டுப் போயிற்று. ஒரே ஒரு கில்டர்! கூடவே கழிவுத்தார் தேங்கிய ஓர் ஏரியையும் விட்டுவிட்டுப் போனது. டச்சுக் கடவுச்சீட்டு வைத்திருந்த சனம் வேலைக்கும் படிப்புக்கும் ரோட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் என்று கிளம்பியது. இன்றைய ஆட்டக்காரர்கள் இப்படி வெவ்வேறு காலங்களில் போனவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

2010 அக்டோபர் 10இல் அண்டிலீஸ் கலைக்கப்பட்டு, குராசோ டச்சு முடியரசுக்குள்ளேயே தன்னாட்சி பெற்ற ‘நாடு’ ஆயிற்று. பாதுகாப்பும் வெளியுறவும் முடியரசின் கையில். ஐ.நா.வில் நாற்காலி கிடையாது, ஃபிஃபாவில் உண்டு. இரு இடத்துக்கும் கடவுச்சீட்டு ஒன்றே என்பதால் ஃபிஃபா வேறு கேள்வி கேட்கிறது: நீ அங்கே பிறந்தாயா, பெற்றோர் பிறந்தார்களா, இல்லை தாத்தா பாட்டியாவது பிறந்தார்களா? அங்கே சில வருஷம் குடியிருந்தாலும் சரி. வெறும் நிர்வாக விதிதான். ஆனால் ஆலையும் கம்பெனியும் கலைத்துப்போட்ட குடும்பங்களின் தடத்தை இவ்விதி பின்னோக்கி எடுத்துக்கொண்டு போகிறது.

தேசமே ஒரு கற்பிதம், அதில் அசல் என்ன போலி என்ன என்று நம் நண்பர்கள் கேட்பார்கள். கற்பிதம்தான். முகம் தெரியாத லட்சக்கணக்கானவர்களைக் கொண்ட தேசம் பெயருள்ள பதினொரு பேராக ஆடும்போதுதான் நிஜமாகத் தெரிகிறது என்கிற கருத்து ஹாப்ஸ்பாமுடையது. ஆனால் கற்பிதம் செய்துகொள்ளும் வசதி எல்லாருக்கும் ஒன்றுபோல் வாய்த்துவிடுவதில்லை. பாட்ரிக் க்ளைவர்ட்டின் தாய் குராசோக்காரர். அவர் நெதர்லாந்துக்காக 40 கோல் போட்டார். அவற்றை இரவல் கோல்கள் என்று யாரும் கழித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவரே 2015இல் குராசோவுக்குப் பயிற்சியாளராக வந்தார். பிள்ளைகள் பெரிய நாட்டுக்கு ஆடினால் ஒருங்கிணைப்பு, பாட்டியின் தீவுக்கு ஆடினால் குறுக்குவழி: இந்தக் கணக்கை எழுதுவது யார்?

இதனால் எல்லாம் சரி என்று நான் வாதிடவில்லை. தீவின் கழகங்களில் ஆடி வளர்கிற பையனுக்கு இந்த அணியில் இடம் கிடைப்பது அரிது. தீவின் பெயர் இருக்கிறது, தீவின் ஆட்டம் இருக்கிறதா என்று அவன் கேட்கலாம். கேட்க வேண்டியவனும் அவன்தான், ஐரோப்பிய விளையாட்டு நிருபர் அல்ல. வில்லெம்ஸ்டாட்டின் மைதானத்திற்கு எர்ஜிலியோ ஹாத்தோவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் துருக்கியிடம் 1–2 என்று தோற்ற அண்டிலீஸ் அணியின் கோல்காப்பாளர் அவர். ஐரோப்பியக் கழகங்கள் கூப்பிட்டும் போகாமல், காசுக்கு ஆடாமல், தீவிலேயே இருந்துவிட்டவர். நெதர்லாந்தில் பிறந்த பேரப்பிள்ளைகள் தகுதிச் சுற்றில் சொந்த மண் ஆட்டங்களை ஆட வந்திறங்கியது அந்த மைதானத்தில்தான்.