நானும் ஒரு மனிதன்



மார்ட்டின் லூதர் கிங் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கும் நினைவுக்கு வருவது, அவர் தம் கனவைப் பற்றி ஆற்றிய உரைதான். 1963ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வாஷிங்டன் நகரில், ஏறத்தாழ இரண்டரை லட்சம் மக்களுக்கு முன்னால் அவர் பேசினார். ஆனால் அந்தப் பேரணிக்கு வைத்திருந்த பெயர் என்ன தெரியுமா? 'வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி' என்பதாகும். விடுதலைக்கு முன்னால் வேலை என்ற சொல் நிற்கிறது. அதன் பொருளை அறிய வேண்டுமானால், கிங் உயிர் நீத்த மெம்பிஸ் நகரத்திற்கும், அங்கே குப்பை அள்ளிப் பிழைத்த தொழிலாளர்களிடமும் நாம் போக வேண்டும்.

அதற்கு முன், கிங் வந்த வழியைச் சற்றுப் பார்ப்போம். 1929ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள், அட்லாண்டா நகரில், ஒரு பாதிரியாரின் மகனாக அவர் பிறந்தார். அமெரிக்காவில் அடிமை முறை 1865இலேயே சட்டப்படி ஒழிந்துவிட்டது. ஆனால் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனிப் பள்ளி, தனிக் குடிநீர்க் குழாய், பஸ்ஸில் தனி இருக்கை என்ற நிலை நீடித்தது. 1955ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், மாண்ட்கோமரி நகரில், ரோசா பார்க்ஸ் என்ற தையற்காரப் பெண்மணி வெள்ளையர் ஒருவருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார். அவரைக் கைது செய்தார்கள். அந்நகரத்துக் கறுப்பின மக்கள் பஸ் ஏறுவதையே நிறுத்தினார்கள். 381 நாட்கள் பஸ் ஏறாமலே வேலைக்குப் போனார்கள். அப்போராட்டத்தின் தலைவராக விளங்கிய கிங்கிற்கு அப்போது வயது 26. இறுதியில் பஸ்ஸில் பாகுபாடு செல்லாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தப் போராட்டத்திற்குக் காந்தியடிகளின் அறவழியே தமக்குத் துணை நின்றது என்று கிங் கூறுவார். 1959இல் தம் துணைவியார் கொரெட்டாவுடன் இந்தியாவுக்கே சென்றார். கன்னியாகுமரியில் முக்கடல் கூடும் இடத்தையும் கண்டார். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்குச் சென்றதைப் பின்னாளில் அவரே எடுத்துச் சொன்னார். தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளைகள் படித்த பள்ளி அது. தலைமையாசிரியர் அவரை, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் கிங்கிற்கு மனம் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்து, "ஆம், நாங்களும் அப்படித்தான் நடத்தப்படுகிறோம்" என்று உணர்ந்ததாக அவர் சொன்னார்.

1964இல் பொது இடங்களிலும் வேலையிலும் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் குடியுரிமைச் சட்டம் வந்தது. அவ்வாண்டே கிங்கிற்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. சட்டங்கள் வந்தன, ஆனால் ஏழையின் வயிறு நிறைந்ததா? இந்தக் கேள்விதான் கிங்கை மெம்பிஸ் நகருக்கு அழைத்துச் சென்றது.

மெம்பிஸ் நகராண்மைக் கழகத்தில் குப்பை அள்ளிய தொழிலாளர்கள் அநேகமாக எல்லாரும் கறுப்பினத்தவர். அவர்களில் பலர் அருகிலிருந்த பருத்தித் தோட்டங்களில் பிழைக்க வழியின்றி நகரத்துக்கு வந்தவர்கள். வீடு வீடாகச் சென்று குப்பையைத் தொட்டிகளில் நிரப்பித் தலையிலும் தோளிலும் சுமந்து வருவார்கள். தொட்டியின் ஓட்டை வழியாகக் கழிவுநீர் உடம்பெல்லாம் வழியும். பேரன் பேத்தி எடுத்த பெரியவரையும் மேற்பார்வையாளர்கள் "டேய் பையா" என்றுதான் கூப்பிடுவார்கள். முழு நேரம் உழைத்தும், பலருடைய குடும்பங்கள் அரசாங்கத்தின் உதவியை எதிர்பார்க்க வேண்டிய நிலையில் இருந்தன.

மழை பெய்தால் வேலை நின்றுவிடும். வேலை நின்றால் கூலியும் நின்றுவிடும். பெரட்டுக்குப் போய், மழையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய காலத்தை நம் தோட்டத்துப் பெரியவர்கள் அறிவார்கள். மெம்பிஸிலும் அப்படித்தான். 1968ஆம் ஆண்டு ஜனவரி மாதக் கடைசியில், ஒரு மழை நாளில், கறுப்பினத் தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வெள்ளை மேற்பார்வையாளர்களுக்கோ முழுச் சம்பளம் கிடைத்தது.

அடுத்து, பிப்ரவரி முதல் நாளும் கடும் மழை. எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரு தொழிலாளர்கள் குப்பை லோரியின் பின்பகுதியில் ஒதுங்கினார்கள். குப்பையை நசுக்கும் இயந்திரம் பழுதுபட்டுத் திடீரென இயங்கியது. இருவரும் நசுங்கி மாண்டார்கள். பழைய லோரிகள் ஆபத்தானவை என்று தொழிலாளர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். மணிக்கணக்கில் கூலி பெறுபவர்கள் என்பதால் அவர்களுக்கு விபத்து இழப்பீட்டுப் பாதுகாப்பு இல்லை. குடும்பத்துக்கு ஒரு மாதச் சம்பளமும் அடக்கச் செலவுக்கு 500 வெள்ளியும் தந்ததோடு கணக்கை முடித்தார்கள்.

பிப்ரவரி 12ஆம் நாள் ஏறத்தாழ 1,300 தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். தங்கள் தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும், கூலியை உயர்த்த வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டார்கள். மேயர் ஹென்றி லோப் மறுத்துவிட்டார். தொழிலாளர்கள் அன்றாடம் வரிசையாக நடந்தார்கள். அவர்கள் ஏந்திய அட்டைகளில் இருந்தது சிறியதொரு வாசகம்: 'நானும் ஒரு மனிதன்'. கூலிக் கணக்கு எதையும் அவர்கள் அதில் எழுதவில்லை. "டேய் பையா" என்ற அழைப்புக்கு அவர்கள் தந்த பதில் அதுவே.

மார்ச் 18ஆம் நாள் கிங் அங்கே வந்து பேசினார். கடையில் உட்கார்ந்து உண்ணும் உரிமை கிடைத்தாலும், உண்டதற்குக் கொடுக்கக் கையில் காசில்லாவிட்டால் என்ன பயன் என்று கேட்டார். குப்பை அள்ளுபவர் தம் வேலையைச் செய்யாவிட்டால் நோய் பரவும். ஆகவே அவர் மருத்துவருக்கு இளைத்தவர் அல்லர் என்றும் எடுத்துரைத்தார்.

மார்ச் 28ஆம் நாள் அவர் தலைமையில் நடந்த ஊர்வலத்தில் சிலர் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். போலீசார் தடியடி நடத்தினார்கள். 16 வயதுச் சிறுவன் ஒருவன் சுடப்பட்டு இறந்தான். கிங் மனம் வருந்தினார். அறவழியில் ஓர் ஊர்வலத்தை நடத்திக் காட்டியே தீருவது என்று மீண்டும் வந்தார். ஆனால் ஏப்ரல் 4ஆம் நாள் மாலை, லொரெய்ன் தங்குவிடுதியின் மாடி முகப்பில் நின்றிருந்தபோது, துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். வயது 39.

நான்கு நாட்களுக்குப் பின், கணவரை இன்னும் அடக்கம் செய்யாத நிலையிலேயே, கொரெட்டா அம்மையார் மெம்பிஸ் வந்தார். பல்லாயிரக்கணக்கானோர் பின்தொடர அந்த ஊர்வலத்தை அமைதியாக நடத்தி முடித்தார். ஏப்ரல் 16ஆம் நாள் நகராண்மைக் கழகம் இறங்கி வந்தது. தொழிற்சங்கத்தை ஏற்றது, பதவி உயர்வில் பாகுபாடு இராது என்றது. கூலி உயர்வோ மணிக்கு 10 காசு, பிறகு மேலும் 5 காசு. அவ்வளவுதான். ஆயினும் ஒரு காலத்தில் 'பையா' என்று அழைக்கப்பட்டவர்கள், இப்போது மேசைக்கு எதிரே உட்கார்ந்து ஒப்பந்தம் பேசினார்கள்.

இவற்றால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. வெற்றி பெற்ற அந்தத் தொழிலாளர்களில் பலர் ஓய்வூதியம் போதாமல் தள்ளாத வயதிலும் வேலை செய்தார்கள். 2017இல்தான் மெம்பிஸ் நகரம், அவர்களில் உயிரோடிருந்தவர்களுக்கு உதவித் தொகை வழங்க முடிவு செய்தது. வாக்குரிமைச் சட்டத்தின் முக்கியமான ஒரு பகுதி 2013இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் செயலிழந்தது. ஒரு தலைமுறை பெற்ற உரிமையை அடுத்த தலைமுறை கண்விழித்துக் காக்க வேண்டியிருக்கிறது.

மறுபுறம், கிங் மாண்ட தங்குவிடுதி 1991 முதல் குடியுரிமை வரலாற்றைச் சொல்லும் அரும்பொருளகமாக விளங்குகிறது. 1986 முதல் ஜனவரி மாதத்து மூன்றாம் திங்கட்கிழமை அமெரிக்காவில் அவர் பெயரால் பொது விடுமுறை ஆயிற்று.

நேயர்களே, நோபல் பரிசு பெற்ற ஒருவர் தம் கடைசி நாட்களைக் குப்பை அள்ளுபவர்களோடு கழித்தார். இழிவான வேலை என்று ஒன்று இல்லை. உழைப்பவரை இழிவாக நடத்துவதே இழிவு என்பதை அவர் நடந்து காட்டினார். இன்று இரவு, கைகாலில் அலுப்போடு வீடு வந்து சேரும் தாய் தந்தையருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளே, இந்தக் கதையை அவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களிடமும் சொல்வதற்கு ஒரு கதை இருக்கும். அதையும் கேளுங்கள்.