ஊராத் தேர்

காரையும் லாரியையும் அச்சு அசலாகச் சிறிய அளவில் செய்து அலமாரியில் வைப்பவர்கள் தாம்பரம், குரோம்பேட்டை, செலையூர்ப் பக்கம் கொஞ்சம் பேர் உண்டு. பெட்டியில் வரும் பிளாஸ்டிக் பாகங்களைத் தேய்த்து ஒட்டுகிறவர்கள் ஒரு வகை. சன்போர்டு வாங்கிப் பிளேடால் அறுத்து, மாநகரப் பேருந்தையோ பத்துச் சக்கர லாரியையோ தாங்களே எழுப்புகிறவர்கள் இன்னொரு வகை. என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் கிட் என்பார்கள், மாடல் என்பார்கள், மினியேச்சர் என்பார்கள். வீட்டிலிருப்பவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்: "முப்பது வயசாச்சு, இன்னும் பொம்மை கார் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

பொம்மை என்றால் அவர்களுக்குச் சுருக்கென்று தைக்கிறது. அதில் நியாயமும் உண்டு. தெலுங்கில் பொம்ம, கன்னடத்தில் பொம்பெ, தமிழில் பொம்மை எல்லாம் ஒரே குடும்பம். அடிப்படையில் உருவத்தைக் குறிக்கிற சொல். கொலுவில் இருப்பதும் பொம்மலாட்டத்தில் ஆடுவதும் அதுதான். பழந்தமிழில் அந்த இடத்தில் பாவை இருந்தது. பாவைக்கு முகம் வேண்டும். சக்கரம் வைத்த விளையாட்டுப் பொருளைப் பழந்தமிழ் பாவையோடு சேர்க்கவில்லை, அதற்குத் தனிப்பெயர் வைத்திருந்தது: சிறுதேர்.

இந்தப் பெயரைத் தேடிப் போகிறவருக்கு முதலில் எதிர்ப்படுகிறவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். பத்துப்பாட்டில் இரண்டு பாட்டு அவருடையவை, இரண்டிலும் விளையாட்டுத் தேர் உருளுகிறது. பட்டினப்பாலையில் இடம் காவிரிப்பூம்பட்டினம். வீட்டு முற்றத்தில் உணவு காய்கிறது, கோழி கொத்த வருகிறது, பெண்கள் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறார்கள். குதிரையில்லாத சிறுதேரைப் பொன் அணிந்த பிள்ளைகள் உருட்டி வர, வழியில் கிடக்கும் குழை சக்கரத்தைத் தடுக்கிறது. அந்த ஊருக்குத் தெரிந்த பகையே அவ்வளவுதான் என்று பெருமை பேசுகிறார் புலவர். அந்தத் தேரை அவர் 'முக்கால்' தேர் என்கிறார். இன்றைக்குப் படிக்கிறவர் முக்கால் பங்கு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். கால் என்றால் இங்கே சக்கரம்; மூன்று சக்கரத் தேர். கோயில் தெருக் கடைகளில் இன்றும் விற்கும் மர நடைவண்டிக்கும் மூன்றே சக்கரம்தான். தேர் என்ற பெயர் போய் வண்டி என்ற பெயர் வந்தது. சக்கரக் கணக்கு மாறவில்லை.

மற்றப் பாட்டு நம் பக்கத்துச் சங்கதி. பெரும்பாணாற்றுப்படைக்குத் தலைவன் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன். பாணன் நடந்துபோவது தொண்டை நாட்டு வழியாக. தாம்பரமும் அந்த நாட்டுக்குள் அடக்கம். வயல் சூழ்ந்த ஒரு செழிப்பான ஊரில் தளர்நடைப் பிள்ளைகள் தேர் உருட்டிக் களைத்து, செவிலியிடம் பால் குடித்துத் தூங்குகிறார்கள். இங்கே புலவர் சிறுதேர் என்று சொல்லவில்லை. ஊராத் தேர் என்கிறார், அதிலும் நல்ல தேர் என்கிறார். ஊர்தல் என்றால் ஏறிச் செல்லுதல். ஊர்தி அதிலிருந்து வந்தது. ஊராத் தேர், யாரும் ஏறிப் போகாத தேர். பெயர் அளவைப் பற்றி வாய் திறக்கவில்லை, விளையாட்டைப் பற்றியும் இல்லை. வண்டிக்குரிய எல்லாம் இருந்தும் வண்டியின் வேலையைச் செய்யாத பொருள் என்று மட்டும் சொல்கிறது. அலமாரியில் நிற்கும் லாரிக்கு இதைவிடத் துல்லியமான வரையறை எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தேரைத் தச்சச் சிறுவரோடு சேர்த்து, 'நச்ச'ச் செய்ததாகச் சொல்கிறார். நச்சுதல் என்றால் ஆசைப்படுதல். இந்தத் தொடரை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். தச்சர் வீட்டுப் பிள்ளைகள் பிறர் ஆசைப்படும்படி செய்த தேர் என்பது ஒன்று. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேர் என்பது மற்றொன்று. என் மனம் இரண்டாவதின் பக்கம் சாய்கிறது. உளிச் சத்தத்தில் பிறந்து, நாள்தோறும் தேர் உருவாவதைப் பார்த்து அலுத்த பிள்ளைக்கே ஆசை வருகிறது என்றால் வேலைப்பாடு அப்படி. முதலாவது சரியென்றால், மாடல் செய்கிற இளைஞருக்கு ஈராயிரம் ஆண்டுப் பழைய முன்னோர் கிடைத்துவிடுகிறார்கள். எப்படிப் படித்தாலும் நட்டமில்லை.

குறுந்தொகையில் தும்பிசேர் கீரன் பாட்டிலும் தச்சன் வருகிறான். அங்கே பொருளுக்குப் பெயர் வையம். குட்டிக் குதிரை பூட்டிய வண்டி. அதில் ஏறிப் போகும் இன்பம் பிள்ளைகளுக்கு இல்லை, ஆனாலும் கையால் இழுத்து இன்பப்படுகிறார்கள். அதுபோலத் தலைவனோடு கூடி இன்புறாவிட்டாலும் அவன் நட்பை நினைத்தே நாங்கள் நன்றாக இருக்கிறோம், வளை கூடக் கழலவில்லை என்கிறாள் தோழி. சொல்லுக்குள் எவ்வளவு குத்தல் என்பது தலைவன் காதுக்கே வெளிச்சம். நமக்கு வேண்டியது உவமையின் முதல் பாதி. ஏறுவதற்கும் இழுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தப் புலவர் கவனித்து வைத்திருக்கிறார்.

அதன்பின் சிறுதேர் இலக்கண ஏட்டில் ஏறியது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் கடைசி மூன்று சிற்றில், சிறுபறை, சிறுதேர். வினைச்சொல்கூட மாறவில்லை, அன்றும் உருட்டினார்கள், பிள்ளைத்தமிழிலும் உருட்டுகிறார்கள். மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 19-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பிள்ளைத்தமிழ் பாடினார். சேக்கிழாருக்கு ஊர் குன்றத்தூர். பல்லாவரத்தில் திரும்பி, பம்மல், அனகாபுத்தூர் தாண்டினால் குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய அமைச்சர், அந்த ஊரில் சிறுதேர் உருட்டும் குழந்தையாகப் புலவர் வாக்கில் நிற்கிறார். பிள்ளையவர்களின் மாணவர் உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். ஆசிரியர் மரபு வழியாக வாங்கிப் பாடிய சொல்லின் பழைய பிறப்பிடத்தை மாணவர் ஏட்டிலிருந்து எடுத்து அச்சில் வைத்தார்.

இப்படி வாழ்ந்த சொல் வாய்ப்பேச்சில் ஏன் நிற்கவில்லை? தேர் மாறியதுதான் காரணம் என்று நினைக்கிறேன். அரசன் ஏறிய தேர் ஒழிந்தபின் தேர் என்றால் திருவாரூர்த் தேர் போலச் சாமி ஏறுவது மட்டுமே என்று ஆயிற்று. மனிதர் ஏறியதெல்லாம் வண்டி, பிறகு கார், லாரி. சிறியது எப்போதும் பெரியதன் பெயரைத்தான் பின்பற்றும். தேர் இருந்தபோது சிறுதேர், வண்டி வந்ததும் நடைவண்டி, கார் வந்ததும் பொம்மை கார். மகிழுந்து, சரக்குந்து என்று புதுச்சொல் ஆக்கியவர்கள்கூடச் சிறுமகிழுந்து என்று எழுதத் துணியவில்லை. நல்ல காலம்.

இந்த வரிசையை முறித்தது கிட். பெரியதன் பெயரை எடுத்துக்கொள்ளாமல், பாகங்கள் வந்த மூட்டையின் பெயரை எடுத்துக்கொண்ட சொல் அது. டச்சு மொழியில் பலகைகளைச் சேர்த்துச் செய்த மரத்தொட்டிக்குப் பெயராக இருந்து, ஆங்கிலத்தில் சிப்பாய் முதுகில் சுமக்கும் சாமான் மூட்டையாகி, கடைசியில் சேர்த்துப் பூட்ட வேண்டிய உதிரிகளின் தொகுப்பு என்று நின்றது. நம் 'கிட்டுதல்' என்ற வினைக்கும் இதற்கும் ஓசை ஒற்றுமை தவிர உறவே இல்லை. ஆனால் இந்திய வண்டிகளுக்குக் கிட் தேடிப் பார்த்தவர்கள், கிட் கிட்டவில்லை என்ற சிலேடையை விடமாட்டார்கள்.

தென் சென்னைப் புறநகருக்குக் கிட் என்ற சொல் பொம்மைக் கடை வழியாக மட்டும் வரவில்லை. தாம்பரத்துக்கு அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. முழுக்கக் கழற்றிப் பெட்டியில் அடைத்த காரை இங்கே கொண்டுவந்து பூட்டும் முறைக்குத் தொழிலில் சி.கே.டி. என்று பெயர், அந்தப் பெட்டிச் சரக்குக்குப் பெயர் கிட். அங்கே 1961-இல் தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டேதான். ஸ்டாண்டர்டு என்றால் கொடி. என்சைன், பென்னன்ட் என்று அந்த நிறுவனம் தன் கார்கள் சிலவற்றுக்கும் கொடிப் பெயர்களை வைத்தது. ஹெரால்டு அந்தக் கொடிகளுக்கு முன்னே போகும் கட்டியக்காரன்.

அந்தக் காரின் உடம்பே ஒரு கிட். 1950-களில் மற்ற நிறுவனங்கள் அடிச்சட்டமும் உடம்பும் ஒன்றாய்ப் பற்றவைத்த கார்களுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு–டிரையம்ஃபுக்குக் கார் உடம்பு செய்து கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டியாளரான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனிச் சட்டம் போட்டு, உடம்பைத் துண்டு துண்டாக வெவ்வேறு இடங்களில் அடித்துக் கொண்டுவந்து போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த அந்தக் கார் 1959-இல் வெளிவந்தது. கழற்றி அனுப்பிக் கடல் தாண்டிப் பூட்ட இதைவிட வசதியான கார் அமைந்திருக்காது.

பின்னாளில் பெருங்களத்தூரில் பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டு பிறந்தது. மாடல் செய்கிறவர்களுக்கு வேலை தொடங்கும் இடம் இது. பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1:32 அளவில் டிரையம்ஃப் ஹெரால்டு கிட் விற்றது, ஆனால் அதற்குக் கதவு இரண்டு. நம்மூர் ஹெரால்டு வேண்டுமென்றால் பழைய கதவுக் கோட்டைப் பட்டி வைத்து அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளில் நீர் தொட்டுத் தேய்த்து, பக்கத்துக்கு இரண்டு புதுக் கதவுக்குக் கோடு கீற வேண்டும். நடுவில் ஒரு தூண் நிறுத்த வேண்டும், பக்கத்துக்கு ஒரு கைப்பிடி கூடுதலாகச் செய்ய வேண்டும். தூண் அரை மில்லிமீட்டர் தள்ளி நின்றாலும் கார் வேறு காராகிவிடும். பட்டி பார்ப்பது, டிங்கரிங், பெயிண்டு அடிப்பது என்று மெக்கானிக் கடையில் என்ன சொல்வார்களோ அதே சொற்கள்தான் இங்கேயும். தொழிற்சாலை 1980-களின் கடைசியில் மூடிவிட்டது. நிலத்தில் இன்று தகவல் தொழில்நுட்பக் கட்டடங்கள்.

சட்டம் தனி, உடம்பு தனி என்ற தத்துவம் லாரிக்காரர்களுக்குப் புதிதே அல்ல. ஜி.எஸ்.டி. சாலையில் நின்றால் கேபின்கூட இல்லாத வெறும் சேசிஸை ஒருவர் ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். தலையில் துண்டோ ஹெல்மெட்டோ, வெயில் நேராக முகத்தில். நாமக்கல், கரூர்ப் பக்கம் போனதும் அதற்குப் 'பாடி கட்டு'வார்கள். வீடு கட்டுவது, சேலை கட்டுவது போல லாரிக்கும் கட்டுவதுதான் வினை. சன்போர்டில் லாரி செய்கிறவரும் முதலில் சேசிஸ் போட்டு, மேலே பாடி கட்டுகிறேன் என்றுதான் சொல்கிறார். கிட் என்ற ஆங்கிலச் சொல்லைச் சொல்லிக்கொண்டே செய்கிற வேலையைத் தமிழில் வைத்திருக்கிறார்.

மினியேச்சர் ஒரு தனிக் கூத்து. மினி என்பதைப் பார்த்துச் சிறியது என்று எல்லோரும் நினைப்பார்கள். வேர் லத்தீன் மினியம், அதாவது ஈயச் செந்தூரம். ஏட்டில் செந்தூரத்தால் எழுத்தையும் படத்தையும் தீட்டுவதற்கு அது பெயர். அந்தப் படங்கள் சிறியவை என்பதால் சொல்லும் சுருங்கிவிட்டது. லிவர்பூலின் மெக்கானோ நிறுவனம் 1933-இல் ஹார்ன்பி ரயிலுக்குப் பக்கத்தில் வைக்க வார்ப்பு வண்டிகள் விற்றபோது 'மாடல்டு மினியேச்சர்ஸ்' என்று பெயரிட்டது. அடுத்த ஆண்டே அவை டிங்கி ஆயின. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க முதல் பூச்சாக அடித்ததும் அந்தச் செந்தூரம்தான். அந்த வகையில், குட்டி லாரிக்குப் பிரைமர் அடிக்கிறவர் சொல்லின் மூல அர்த்தத்தை அறியாமலே கடைப்பிடிக்கிறார்.

இனி அளவு. டிங்கி வழக்கமாக்கிய 1:43, ரயில் பாதையிலிருந்து வந்தது: ஓர் அடிக்கு 7 மில்லிமீட்டர். 1:24 என்பது அடிக்கு அரை அங்குலம். 1:25 அமெரிக்க ஏ.எம்.டி. வழக்கம், அந்த நிறுவனம் 1958 முதல் ஒரே பெட்டியில் அசல், மாற்றிக் கட்டியது, பந்தயக் கார் என மூன்று விதமாகப் பூட்டும் பாகங்களை வைத்து விற்றது. இந்த எண்களை வாயால் சொல்லச் சங்கடமாக இருக்கிறதென்றால் நம் எண்சுவடியைத் திறக்கலாம். கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகக் குறைந்து போகும் வரிசை அது. வீசம் 1/16. ஏர்ஃபிக்ஸ் ஹெரால்டு அரைவீச அளவு, 3.9 மீட்டர் கார் 12 சென்டிமீட்டர் ஆகும். ஹாட் வீல்ஸ் பெரும்பாலும் 1:64, அது கால்வீசம். பட்டினப்பாலை படிக்கையில் முக்காலைப் பின்னமாக எடுத்துக்கொண்டவருக்கு ஓர் ஆறுதல்.

1:24, 1:25 இரண்டையும் கலக்கலாமா என்பது மாடல் செய்கிறவர்களின் தீராத வழக்கு. வித்தியாசம் நூற்றுக்கு நாலு. சக்கரத்தை மாற்றிப் போட்டால் கண்ணுக்குத் தெரியாது என்பார் ஒருவர், இன்ஜின் உள்ளே உட்காராது என்பார் மற்றவர். எண்சுவடி இதில் ஒரு பக்கம் சாய்கிறது. முந்திரி 1/320, அதில் மறுபடி 320-இல் ஒரு பங்கு கீழ்முந்திரி. 1:25 என்பது மிச்சமில்லாமல் 4096 கீழ்முந்திரி. 1:24-ஐக் கீழ்முந்திரியாகப் பகுத்தால் மிச்சம் விழும்.