பேரைச் சொல்லிட்டு உள்ளே வா

போன வாரம் என் லினக்ஸ் லேப்டாப்பில் ஒரு சின்னச் சண்டை. பாட்டு கேட்கிற ஆப் எப்பவும் ஒன்பதாவது வொர்க்ஸ்பேஸில்தான் திறக்கணும்னு விதி எழுதி வச்சிருக்கேன். அது மதிக்கவே இல்லை. நான் வேலை பார்க்கிற இடத்திலேயே வந்து உட்காருது. ஏன்னு தோண்டப் போய், 1980-களில் போய் நின்னேன்.

1984-ல் எம்.ஐ.டி.யில் எக்ஸ் விண்டோ சிஸ்டம் தொடங்குது. அதை உருவாக்கினவர்களில் முக்கியமானவர் பாப் ஷைஃப்ளர். அவங்க எடுத்த ஒரு முடிவுதான் இந்தக் கதைக்கே காரணம். திரையில் வரையும் வசதியை மட்டும் சிஸ்டம் தரும். எந்த விண்டோ எங்கே நிற்கணும், எப்படித் தெரியணும் என்பதை விண்டோ மேனேஜர் என்ற தனி புரோகிராம் பார்த்துக்கும். பிடிக்கலையா, வேற ஒண்ணைப் போட்டுக்கலாம்.

1987-ல் டாம் லாஸ்ட்ரேஞ் எழுதிய டி.டபிள்யூ.எம். அப்படி ஒண்ணு. அதன் கான்ஃபிக் ஃபைலில் 'நோ டைட்டில்' என்று போட்டு கடிகார புரோகிராமின் பெயரை எழுதினால், அதுக்கு மட்டும் தலைப்புப் பட்டை வராது. உள்ளங்கை அளவு கடிகாரத்துக்கு எதுக்குங்க தலைப்பு?

ஆனா அது கடிகாரம்னு மேனேஜருக்கு எப்படித் தெரியும்? அது பார்ப்பது ஒரு செவ்வகம், அவ்வளவுதான். உள்ளே இருக்கிறவன்தான் தன் பெயரைச் சொல்லணும். அதுக்குத்தான் 'டபிள்யூ.எம். கிளாஸ்' என்ற பெயர்ச்சீட்டு. அதில் இரண்டு பெயர்கள்: ஒண்ணு இனத்தின் பெயர், இன்னொண்ணு அந்த ஒரு விண்டோவின் பெயர். பத்து எக்ஸ்டெர்ம் திறந்தாலும் இனம் ஒண்ணுதான். அதில் ஒண்ணை மட்டும் 'மெயில்' என்ற பெயரில் திறந்தால், அதுக்குத் தனி விதி எழுதலாம். வேடிக்கை என்னன்னா, இப்படி ஜோடியாகப் பெயர் வைக்கும் பழக்கம் வந்ததே நிறம், எழுத்துரு போன்ற செட்டிங்ஸைத் தேடி எடுப்பதற்காக. விதிகள் அதன் முதுகில் ஏறிக்கொண்டன.

1989-ல் டேவிட் ரோசன்தால் தொகுத்த நடைமுறைக் கையேடு ஒண்ணு வந்தது. எக்ஸ் புரோகிராம்கள் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பழகணும்னு சொல்வது. விண்டோ திரைக்கு வரும்முன் பெயர்ச்சீட்டு எழுதியிருக்கணும், வந்தபிறகு மாற்றக் கூடாது என்கிறது அது. என் பாட்டு ஆப் செய்த தப்பு இங்கேதான். முதலில் உள்ளே வந்துட்டு, அப்புறம் பெயரை எழுதுது. வாசலில் மேனேஜர் பார்த்தப்போ சீட்டு காலி.

தலைகீழான கதையும் உண்டு. ஜாவாவின் விண்டோ லைப்ரரி, மேனேஜர் யாருன்னு தானே விசாரிக்கும். கையில் ஒரு பட்டியல் வச்சிருக்கும். பட்டியலில் இல்லாத மேனேஜர் எல்லாம் விண்டோவைச் சுற்றித் தன் சட்டத்தை மாட்டும்னு அதுவே முடிவு பண்ணிக்கும். சட்டம் மாட்டாத சின்ன மேனேஜர்களில் ஜாவா ஆப்கள் வெறும் சாம்பல் பெட்டியாக வந்து நின்றன. மக்கள் என்ன பண்ணாங்க? மேனேஜரின் பெயரை 'எல்ஜி3டி' என்று மாற்றினாங்க. சன் நிறுவனத்தின் முப்பரிமாண டெஸ்க்டாப் முயற்சியின் பெயர் அது, பட்டியலில் இருந்தது! பொய் சொன்னதும் எல்லாம் ஒழுங்கா வேலை செஞ்சது.

2008-ல் கிறிஸ்டியன் ஹாக்ஸ்பர்க் தொடங்கிய வேலண்ட், எக்ஸின் வாரிசு. அங்கே இரட்டைப் பெயர் போய் 'ஆப் ஐடி' என்ற ஒற்றைப் பெயர் வந்தது. ஐ3-யிலிருந்து ஸ்வேக்கு மாறினவங்க பழைய விதிகளை அப்படியே காப்பி பண்ணால், பாதி விதிகள் சத்தமே இல்லாம செத்துப்போகும். எரர்கூட வராது. எழுதினது தப்பில்லையே, அந்தப் பெயரில் யாரும் வரலை, அவ்வளவுதான்.

என் சண்டைக்கு வர்றேன். நான் இன்னும் ஐ3-யில்தான். 'அசைன்' விதியை எடுத்துட்டு, 'ஃபார் விண்டோ' விதியைப் போட்டேன். தாமதமாகப் பெயர் எழுதினாலும் அது கவனிக்குது. இப்போ அந்த ஆப் ஒரு நொடி என் முன்னாடி எட்டிப் பார்த்துட்டு, ஒன்பதுக்கு ஓடிப்போகுது.