பச்சைமலை பழுப்பாகும் காலம்

திருச்சிராப்பள்ளியிலிருந்து வடக்கு நோக்கித் துறையூர் வரை சென்றால், வடமேற்கே கொல்லிமலையும் வடக்கே பச்சைமலையும் கண்ணுக்குப் புலனாகும். கார்த்திகைத் திங்களில் அவ்வழியே செல்பவர், பச்சைமலை என்று பெயரிட்டவரின் பொருத்தமறிந்த உள்ளத்தை மெச்சுவர். மாசித் திங்களின் கடைசியில் செல்பவரோ, அப்பெயரை இட்டவர் எந்த மலையைப் பார்த்து இட்டார் என்று ஐயுறுவர். அடிவாரத்துச் சரிவுகள் பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம் பூண்டு நிற்கும். ஒதிய மரங்கள் ஓர் இலையுமின்றி வெறுங்கொம்புகளை நீட்டிக்கொண்டிருக்கும். இலவத்தில் செம்பூ உண்டு. கோங்கில் பொன்னிறப் பூ உண்டு. இலை மட்டும் இல்லை. சருகின்மேல் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குவது போன்ற ஓசை கேட்கும். மலையின் மேற்பகுதியிலும் ஓடைக்கரைகளிலும் மட்டும் பசுமை ஒதுங்கியிருக்கும்.

இக்காட்சிக்கும் நாம் பள்ளியில் கற்கும் ஒரு சொல்லுக்கும் இடையே நெடுநாளைய பிணக்கு ஒன்று உண்டு. ‘இலையுதிர் காலம்’ என்றால் செப்டம்பர் முதல் நவம்பர் வரை என்று மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அம்மூன்று திங்களில் திருச்சி மாவட்டத்தில் நடப்பது என்ன? மழை பெய்கிறது, காடு தழைக்கிறது. ஐரோப்பியரின் நால்வகைப் பருவங்களைத் தமிழில் பெயர்த்தபோது பிறந்த சொல் அது; அந்த நாட்டு இலையைக் குறிக்குமேயன்றி நம் நாட்டு இலையைக் குறிக்காது. விடைத்தாளில் ‘இலையுதிர் காலம் அக்டோபர்’ என்று எழுதி மதிப்பெண் பெற்ற அதே மாணவர், பிப்ரவரியில் பள்ளி முற்றத்து வேப்பஞ்சருகைக் கூட்டித் தள்ளுகிறார். இரண்டுக்கும் உள்ள முரண்பாட்டை அவரும் கேட்பதில்லை; ஆசிரியரும் கேட்பதில்லை.

குளிர் நாட்டு இலை உதிர்வதற்குக் காரணம் குளிரும் குறுகும் பகலுமாகும். லண்டன் மாநகரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறத்தாழ 9 மணி நேரம் வேறுபாடு உண்டு. பகல் சுருங்கச் சுருங்க, இலையிலுள்ள பச்சையம் சிதைகிறது. அதன் அடியில் மறைந்து கிடந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. மேப்பிள் போன்ற சில மரங்களில் செந்நிறப் பொருள் புதிதாகவும் உண்டாகிறது. பின்னர்க் காம்பின் அடியில் தக்கை போன்ற ஓர் அடுக்குத் தோன்றி, இலையைக் கிளையிலிருந்து பிரித்து விடுகிறது. பகலின் நீளம் ஆண்டுதோறும் ஒன்றே. ஆனால் குளிர் ஒன்றல்ல. வெம்மை நீடித்தால் நிறமாற்றம் பெரும்பாலும் பிந்துகிறது. ஆகவே இலை மாறிய நாளைக் குறித்து வைத்தால், அந்த ஆண்டின் தட்பவெப்பத்தையே ஒருவகையில் குறித்து வைத்ததாகும்.

இவ்வுண்மையைச் சில நாட்டார் முன்னரே உணர்ந்தனர். இங்கிலாந்தின் நார்போக் பகுதியில் வாழ்ந்த ராபர்ட் மார்ஷம் என்னும் நிலக்கிழார், 1736 முதல் ஆண்டுதோறும் தம் தோட்டத்து மரங்கள் தளிர்த்த நாளையும் பறவைகள் வந்த நாளையும் எழுதி வந்தார். அவர் மறைந்த பின்னரும் அவர் வழித்தோன்றல்கள் 1958 வரை அவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். ஜப்பானில் கியோத்தோ நகரத்துச் செர்ரி மரங்கள் பூத்த நாள்கள், 9-ஆம் நூற்றாண்டிலிருந்து அரசவையினர், துறவியர் ஆகியோரின் நாட்குறிப்புகளில் கிடைக்கின்றன. பூவிழாவுக்கு நாள் பார்த்தவர்கள் தட்பவெப்ப வரலாறு எழுதுகிறோம் என்று எண்ணவில்லை. எனினும் எழுதி விட்டனர். அந்நாட்டு வானிலைத் துறை 1953 முதல் மேப்பிள், கிங்கோ மரங்களின் இலை நிறம் மாறும் நாளையும் முறையாகக் குறித்து வருகிறது. மேப்பிள் இலை சிவக்கும் நாள், 10 ஆண்டுக்கு ஏறத்தாழ 3 நாள் வீதம் பிந்திச் செல்வது அக்குறிப்புகளிலிருந்து புலனாயிற்று.

அவர்களுடைய அளவுகோலை அப்படியே கொண்டுவந்து பச்சைமலையில் வைத்தால் அது பொருந்தாது. திருச்சியில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரமே. இலையை வீழ்த்தும் குளிரும் இங்கு இல்லை. இங்கு இலையின் விதியை முடிவு செய்வது பெரும்பாலும் நீர். ஆடி, ஆவணியில் இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மார்கழியோடு வானம் கை விரித்து விடுகிறது. அதன் பின் மண்ணின் ஈரம் நாளுக்கு நாள் குறைகிறது, காற்றும் வறள்கிறது. இலை என்பது நீரை ஆவியாக்கும் ஆயிரக்கணக்கான நுண்துளைகளை உடையது. வரவு நின்றபின் செலவை நிறுத்தாத குடும்பம் நிலைக்குமா? மரம் இலையை உதிர்த்துச் செலவை நிறுத்துகிறது.

எல்லா மரமும் ஒரே நாளில் இதைச் செய்வதில்லை. இலவமும் கோங்கும் மென்மையான தண்டில் நீரைத் தேக்கி வைத்திருப்பவை. முன்கூட்டியே இலையைக் கழித்துவிட்டு, அச்சேமிப்பைக் கொண்டு பூக்கின்றன. ஆழ வேரோடிய மரம் பொறுத்திருந்து உதிர்க்கும். மழை மிகுந்த ஆண்டில் இலை நெடுநாள் தங்கும். மழை பொய்த்த ஆண்டில் விரைந்து வீழும். பச்சைமலை பழுப்பாகும் நாள், வரப்போகும் பருவத்தின் அறிவிப்பு அன்று. போன ஐப்பசியில் எவ்வளவு பெய்தது என்பதன் கணக்கு. இவ்விடத்தில்தான் நம் இலையும் ஐரோப்பிய இலையும் வேறுபடுகின்றன.

தளிர்க்கும் காலமோ இதனினும் வியப்புக்குரியது. நீர் இன்றி உதிர்த்த மரம், மழை வந்த பின்னரே தளிர்க்கும் என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் வேம்பும் அரசும் பங்குனி வெயிலிலேயே செப்புநிறத் தளிரை விடுகின்றன. நீலகிரியை அடுத்த முதுமலைக் காட்டில், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த முரளி, சுகுமார் ஆகியோர் 1988 முதல் 1990 வரை இதனை ஆராய்ந்தனர். அங்கும் மரங்கள் வறண்ட காலத்திலேயே தளிர்க்கத் தொடங்கி, மழைக்கு முன்பே அதன் உச்சத்தை எய்தின. இலை தின்னும் பூச்சிகளோ மழையோடுதான் பெருகின. முந்தித் தளிர்த்த மரத்தின் இலை அதற்குள் முற்றிவிடுகிறது. பிந்தித் தளிர்த்த மரத்துக்குச் சேதம் மிகுதி. மழையின் காலம் மாறினால் மரத்துக்கும் பூச்சிக்கும் உள்ள இந்த நாட்கணக்கும் மாறக்கூடும் அல்லவா? ஆகவே இது வெறும் வேடிக்கைக்குரிய செய்தி அன்று.

இனித் தமிழ்நாட்டார் இதனைக் கண்டனரா என்று பார்ப்போம். கண்டனர், நுட்பமாகவே கண்டனர். தொல்காப்பியத்தில் ஆண்டு ஆறு பெரும்பொழுதாக வகுக்கப்படுகிறது: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். இவற்றுள் இலையுதிர் காலம் என்று ஒன்று இல்லை. ஆனால் பாலைத் திணைக்கு உரிய பொழுதாக வேனிலைக் கூறிய ஆசிரியர், பின்பனியும் அதற்கு உரித்து என்கிறார். பின்பனியாவது மாசியும் பங்குனியும் என்பர் உரையாசிரியர். பனி பெய்யும் காலத்தைக் கொடிய பாலைக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று மாணவர் மயங்குவதுண்டு. பச்சைமலைச் சரிவை மாசியில் ஒருமுறை பார்த்தவருக்கு அம்மயக்கம் தோன்றாது என்பது என் கருத்து. வைகறையில் பனி, பகலில் நிழலற்ற காடு, அடியில் சருகு.

அதனினும் சிறந்தது மற்றொன்று. பாலை என்பது தனியே ஒரு நிலம் அன்று. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்த நிலையே பாலை என்னும் கொள்கை சிலப்பதிகாரத்தில் காணப்படுகிறது. ஒரே மலை கார்த்திகையில் குறிஞ்சி, பங்குனியில் பாலை, மழை வந்தால் மீண்டும் குறிஞ்சி. வறண்ட இலையுதிர் காட்டின் இயல்பை இதனினும் சுருக்கமாகச் சொல்வது அரிது.

ஆயினும் புலவர் கூறியது பருவத்தை; நாளை அன்று. கியோத்தோவின் நாட்குறிப்புப் போல, இந்த ஆண்டு இந்த நாளில் இம்மரம் இலை உதிர்த்தது என்னும் குறிப்பை இலக்கியத்தில் தேடுவது முறையாகாது. திங்களை எடுத்துக்கொண்டாலும் ஒரு சிக்கல் உண்டு. நம் ஆண்டு விண்மீன்களை எல்லையாகக் கொண்டது. பருவங்களை உண்டாக்கும் ஆண்டைவிட ஏறத்தாழ 20 நிமிடம் நீண்டது. எனவே ஏறக்குறைய 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் நம் திங்கள்கள் பருவத்தை விட்டு விலகுகின்றன. சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன் சித்திரை முதல் நாள் மார்ச்சு மாதத்துச் சமபகல் நாளை ஒட்டி இருந்தது. இப்போது ஏப்ரல் 14 ஆகிவிட்டது. பழைய உரையிலுள்ள மாசியை நம் மாசியோடு ஒப்பிட்டு, ‘பருவம் மாறிவிட்டது’ என்று கூறுவோர், மாறியது காடா பஞ்சாங்கமா என்று முதலில் பார்த்தல் வேண்டும். இக்குறையை நீக்கவே மேகநாத் சாகா தலைமையில் ஒரு குழு அமைந்து, 1957 மார்ச்சு 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசாங்க ஏடுகளுக்கு வெளியே அதனை நாடுவோர் சிலரே.

ஆங்கிலேயர் ஆட்சியில் மழையை அளந்தனர். சென்னையில் 1792-ல் வானாராய்ச்சி நிலையம் அமைந்தது. 1875-ல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. அதற்கு அடுத்த ஆண்டே பருவமழை பொய்த்து, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. 1881-ல் காட்டியல் அறிஞர் பிராண்டிஸ் சென்னைக்கு அழைக்கப்பட்டார். 1882-ல் சென்னை வனச்சட்டம் பிறந்தது. பிராண்டிஸ் எழுதிய நூல்களில், இன்ன மரம் இன்ன மாதத்தில் இலையற்று நிற்கும் என்ற குறிப்புகள் உண்டு. அவை மாதத்தைக் கூறும்; ஆண்டைக் கூறா. சராசரி மரம் ஒன்றின் சராசரி ஆண்டு அது. பஞ்ச ஆண்டில் இலை எத்தனை நாள் முந்தி வீழ்ந்தது என்று கேட்டால் அந்நூலில் விடை இல்லை.

ஆண்டும் நாளும் இடமும் சேர்ந்த குறிப்பு ஒருவகை ஏட்டில்தான் கிடைக்கிறது; அதுவும் நம் திருச்சியிலேயே கிடைக்கிறது. தூய வளனார் கல்லூரியில் 1967-ல் ராபினாட் உலர்தாவர நிலையம் தொடங்கப்பெற்றது. அதனை உருவாக்கிய அருட்தந்தை கே. எம். மாத்தியூ, தமிழ்நாட்டுக் கர்னாடிக் பகுதியின் தாவரங்களை விரிவாக ஆராய்ந்து 1980-களில் பெருநூல்களாக வெளியிட்டார். (கர்னாடிக் என்பது இங்குக் கருநாடக மாநிலம் அன்று, நம் சமவெளியும் கிழக்கு மலைகளும் அடங்கிய பகுதிக்குத் தாவர நூலார் வழங்கும் பெயர்.) கிளையைக் கொய்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, நாளும் இடமும் எழுதி வைப்பது இத்தகைய நிலையங்களின் முறை. இனம் அறிவதற்காகச் சேர்த்தவையே அவை. ஆனால் இலையில்லாக் கொம்பில் பூ மட்டும் ஒட்டிய ஒரு கோங்கின் தாளில் நாள் எழுதியிருந்தால், அந்நாளில் அச்சரிவில் அம்மரம் இலை துறந்து நின்றது என்பதற்கு அதனினும் சான்று வேண்டா. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆர்னால்டு மரத்தோட்டத்தின் பழைய தாள்களை இவ்வாறு படித்து, மரங்கள் பூக்கும் நாள் முந்தி வருவதை ஆய்வாளர் 2004-ல் காட்டினர்.

1972 முதல் லாண்ட்சாட் முதலிய செயற்கைக் கோள்களும் மேலிருந்து நம் மலைகளைப் படம் பிடித்து வருகின்றன. மலை முழுவதும் பச்சையா பழுப்பா என்பதை அவை காட்டும். ஒதியமா வேங்கையா என்று பிரித்துக் காட்டுவது அவற்றுக்கு அரிது. 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தினும் நூற்றுக்கு 62 பங்கு குறைந்தது. 140 ஆண்டுகளில் அத்தகைய வறட்சி கண்டதில்லை என்றனர். 1876-க்குப் பின் வந்த அந்த ஆண்டில், மழைமானியோடு வானத்துக் கண்ணும் இருந்தது. தரையில் நின்று மரத்தை நாள்தோறும் பார்த்த கண்கள்தாம் குறைவு.

அக்குறையை நிரப்பும் பணி கேரளத்தில் 2010-ல் ‘சீசன்வாட்ச்’ என்னும் பெயரால் தொடங்கிப் பிற மாநிலங்களுக்கும் பரவியுள்ளது. அதில் பெரும்பங்கு பள்ளி மாணவருடையது. ஒருவர் ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, வாரம் ஒருமுறை அதில் தளிர் எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு, பூ எவ்வளவு, காய் எவ்வளவு என்று பார்த்து எழுதுகிறார். விஷு நாளில் கனி காண்பதற்கு உரிய கொன்றை, அந்நாளுக்குப் பல வாரம் முன்பே பல இடங்களில் பூத்துவிடுவது இவ்வாறு எழுத்தில் ஏறியது. துறையூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் வேம்பு இல்லாத முற்றம் அரிது. அது மாசியில் எந்நாளில் பாதி இலையை உதிர்த்தது என்று எழுத ஒரு பழைய நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.