அம்பர்: கடல் தந்த மணமும் அறிஞர் எழுப்பிய வினாவும்

கஸ்தூரியும் அம்பரும் இன்று நமக்கு அத்தர்க் கடையை நினைவூட்டும் பெயர்கள். முன்னைய முஸ்லிம் உலகிலோ அவை அடுக்களைப் பொருள்களாகவும் விளங்கின. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் பக்தாதில் இப்னு ஸய்யார் அல்வர்ராக் தொகுத்த ‘கிதாபுத் தபீக்’ என்னும் சமையல் நூலில் இவ்விரண்டும் மணமூட்டிகளாக இடம்பெறுகின்றன. கெய்ரோவின் செல்வந்தர் காஃபியில் அம்பர் சேர்த்த முறையை எட்வர்ட் லேன் 1836இல் வெளியிட்ட நூலில் விவரிக்கின்றார். கோப்பையின் அடியில் இரண்டு காரட் எடையுள்ள துண்டை ஒட்டிவைத்து, அதன்மேல் சூடான காஃபியை ஊற்றுவர். ஒரு துண்டு இரண்டு மூன்று வாரங்கள் மணம் தருமாம்.

கஸ்தூரி மானிடமிருந்து வருவது என்பது அறிந்த செய்தி. கரையில் ஒதுங்கும் அம்பரின் பிறப்பிடமோ நெடுங்காலம் புதிராகவே இருந்தது. ஆயினும் அதுபற்றிய சட்டங்களை வகுக்க வேண்டியிருந்தது. அது கடல் ஒதுக்கிய பொருளே, புதையலன்று என்றார் இப்னு அப்பாஸ் (ரழி). ஐந்திலொரு பங்கு செலுத்த வேண்டும் என்றார் ஹஸன் பஸரீ (ரஹ்). இவ்விரு கருத்துகளையும் இமாம் புகாரீ (ரஹ்) ஸகாத் பகுதியில் பதிவு செய்துள்ளார்கள்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) ‘அல்உம்ம்’ நூலில் முன்பண விற்பனையை ஆராயுமிடத்து அம்பரையும் எடுத்துக்கொள்கின்றார்கள். நம்பத்தக்க பலரிடம் கேட்டறிந்து, அது கடலில் முளைக்கும் தாவரம் எனக் குறிப்பிடுகின்றார்கள். அம்பர் தூய்மையானது என்னும் முடிவுக்கு இச்செய்தியும் துணை நின்றது.

1783இல் லண்டன் ராயல் சொஸைட்டியின் இதழில் ஷ்வெடியாவர் என்னும் மருத்துவரின் ஆய்வுரை வெளியாயிற்று. அம்பர்க் கட்டிகளுள் கணவாயின் அலகுகள் காணப்படுவதைச் சான்றாகக் கொண்டு, அது எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாவதை அவர் நிறுவினார். புதிதாய் வெளிப்படுகையில் அது கருநிறமும் துர்நாற்றமும் உடையது. உப்பு நீரிலும் வெயிலிலும் பல்லாண்டு மிதந்த பின்னரே சாம்பல் நிறமும் நறுமணமும் பெறுகின்றது.

இங்கே ஃபிக்ஹு வினா மீண்டும் எழுகின்றது. பிராணியின் கழிவு அசுத்தம் என்னும் ஷாஃபிஈ விதி இதற்குப் பொருந்துமா? அன்றி, பொருளின் இயல்பே மாறிவிடும் ‘இஸ்திஹாலா’ என்னும் கோட்பாடு பொருந்துமா? தீர்ப்புரைப்பது மார்க்க அறிஞர்தம் கடமை. தெரிந்தோரிடம் கேட்டறிந்த பின்னரே இமாம் எழுதினார்கள் என்பதையே நாம் இங்கு வலியுறுத்துகின்றோம்.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அம்பரை வைத்திருப்பதும் விற்பதும் குற்றமாகும். எனவே நம் அடுக்களைக்கு அது வரப்போவதில்லை. ஆனால் பொட்டலங்களில் ‘இயற்கைச் சுவையூட்டி’ என்னும் சொல் நாள்தோறும் வருகின்றது. அமெரிக்காவில் பீவர் என்னும் நீர்வாழ் கொறிவிலங்கின் வாலடிப் பையிலிருந்து எடுக்கும் காஸ்டோரியத்தையும், அரிதாகவே பயன்படினும், அச்சொல்லால் குறிக்கச் சட்டம் இடந்தருகின்றது. இப்பொருள் எங்கிருந்து வந்தது என உற்பத்தியாளரிடம் கேட்டறிவது, இமாம் ஷாஃபிஈ (ரஹ்) காட்டிய வழியில் நம்மீதுள்ள பொறுப்பேயாகும்.